பெவன் கட்சி மாறவில்லை, பக்கம் மாறினார்

1957 அக்டோபர் 3. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரில் தொழிற்கட்சி மாநாடு. பிரிட்டன் தன் ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளைத் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அடுத்து அமையும் தொழிற்கட்சி அரசு அணுகுண்டைச் சோதிக்கக் கூடாது, தயாரிக்கக் கூடாது, பயன்படுத்தவும் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்திருந்தது.

அதை எதிர்த்துப் பேச எழுந்தவரைப் பார்த்து மண்டபமே திகைத்தது. அனைரின் பெவன்! வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறுவனாக இறங்கியவர், 1948-ல் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கிவைத்த அமைச்சர், இடதுசாரிகளின் நாயகன். ஹைட்ரஜன் குண்டு விவகாரத்தில் அப்போதைய கட்சித் தலைவர் அட்லியையே நாடாளுமன்றத்தில் மடக்கி, 1955-ல் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்.

இப்போதோ, கட்சி ஆட்சிக்கு வந்தால் வெளியுறவு அமைச்சராகக்கூடியவர். இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினால், நம் வெளியுறவு அமைச்சரைப் பேச்சுவார்த்தை அறைக்குள் உடுதுணி இல்லாமல் அனுப்புகிறீர்கள் என்றார். உணர்ச்சிவசப்பட்டு எடுக்கும் முடிவு என்றும் சாடினார். கூச்சல் போட்டவர்கள் நேற்றுவரை அவருக்குக் கைதட்டியவர்கள்.

அந்த மாநாட்டில் வாக்களிக்கும் முறையே தனி. ஒரு தொழிற்சங்கம் அட்டையைத் தூக்கினால், அதன் லட்சக்கணக்கான உறுப்பினர்களும் வாக்களித்ததாகக் கணக்கு. தீர்மானத்துக்கு ஆதரவாக 7,81,000, எதிராக 58,36,000. படுதோல்வி.

ஆனால், மாநாட்டில் தோற்றவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1958 பிப்ரவரியில் அணு ஆயுத ஒழிப்பு இயக்கம் பிறந்தது. தலைவர், தத்துவ மேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். அந்த ஈஸ்டரில் லண்டனிலிருந்து ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத ஆய்வு மையத்துக்கு நான்கு நாள் நடைப்பயணம். இன்று உலகமே அறிந்த அமைதிச் சின்னம் அந்த ஊர்வலத்துக்காக வரையப்பட்டதுதான்.

குண்டு கையில் இருந்தால்தான் ஒழிப்பைப் பற்றிப் பேரம் பேச முடியும் என்பது பெவனின் கணக்கு. பேரத்துக்கென்று வைத்துக்கொண்டதை எந்தப் பிரிட்டிஷ் அரசும் முழுதாகக் கைவிடவில்லை. 2016-ல் டிரைடன்ட் அணு ஏவுகணை நீர்மூழ்கிகளுக்குப் பதிலாகப் புதியவை கட்ட நாடாளுமன்றம் 472-க்கு 117 என்று ஒப்புதல் தந்தபோது, தொழிற்கட்சி உறுப்பினர்களே இரண்டு பக்கமும் நின்றார்கள்.

1960 ஜூலையில் பெவன் மறைந்தார். மூன்றே மாதத்தில் ஸ்கார்பரோ மாநாட்டில் அதே சங்க அட்டைகள் எதிர்ப்பக்கம் உயர்ந்தன. கட்சித் தலைவர் கெயிட்ஸ்கெல் தோற்றார், பணியவில்லை. அந்தச் சண்டை அடுத்த வாரம்.

(தொடரும்)