திரை ஏன் கருத்தது?

வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் வாசகர்கள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். பையன் படம் வரைந்துகொண்டோ விளையாடிக்கொண்டோ இருக்கிறான். திடீரெனத் திரை உறைகிறது, கோடு கோடாகச் சிதறுகிறது, பிறகு கருத்துவிடுகிறது. மறுபடி இயக்கினால் ஒன்றுமே நடவாததுபோல் வேலை செய்கிறது. கடைக்கு எடுத்துச் சென்றால், "கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்கிறார்கள். அதன் விலையோ பல வீடுகளில் ஒரு மாதச் சம்பளம்!

உண்மையில் கார்டுதான் பழுதா? அதைக் கண்டறிய முறை ஏதும் உண்டா? உண்டு. கணிப்பொறி பிறந்த நாள் முதல் அதனுடனேயே வளர்ந்து வந்த முறை அது.

வால்வுகள் கற்பித்த பாடம்

1946ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்னும் கணிப்பொறி உலகுக்கு அறிமுகமாயிற்று. அதில் ஏறத்தாழ 18,000 வால்வுகள். ஒரே ஒரு வால்வு பழுதானாலும் விடை தவறாகிவிடும். பழுதுகளைக் கவனித்த பொறியாளர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள்: வால்வுகள் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கும்போது கெடுவதில்லை, இயந்திரத்தை நிறுத்தி மறுபடி இயக்கும்போதுதான் கெடுகின்றன. நம் வீட்டுக் குண்டு பல்புகூடச் சுவிட்சைப் போடும் கணத்தில்தானே பெரும்பாலும் உயிரை விடும்? சூடாகி விரிவதும் ஆறிச் சுருங்குவதுமே பகை என்று உணர்ந்து, எனியாக்கை நிறுத்தாமல் ஓடவிட்டார்கள். தரமான வால்வுகளும் பின்னர் கிடைத்தன. சராசரியாக இரண்டு நாளுக்கு ஒரு வால்வு என்ற அளவுக்குப் பழுது குறைந்தது.

18,000 வால்வுகளில் கெட்டது எது என்று தேடியவர்களுள், அந்த இயந்திரத்துக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களும் உண்டு. ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர் முதலியோர் இயந்திரத்தின் அமைப்பை வரைபடங்களிலிருந்தே கற்றவர்கள். எந்தப் பகுதி சரியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய், இறுதியில் கெட்ட வால்வையே சுட்டிக்காட்டுவார்கள்.

1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் விட்டில் பூச்சி அகப்பட்டுக் கிடந்தது. அதை எடுத்துக் குறிப்பேட்டிலேயே ஒட்டிவைத்தார்கள். பூச்சிக் கதையைப் பலரும் சொல்வார்கள். அங்கே ஒரு குறிப்பேடு இருந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

தடயம் விடாத பழுது

1970களின் இறுதியில் ஒரு புதிர் எழுந்தது. நினைவகச் சில்லுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாக 1 என்பது 0 ஆக மாறியது. சோதித்தால் சில்லு பழுதின்றி இருந்தது! இன்டெல் நிறுவனத்தின் திமதி மே, மரே வுட்ஸ் இருவரும் 1978இல் விடை கண்டார்கள். சில்லைப் பொதிந்திருந்த பீங்கான் உறையில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தன. அவை உமிழ்ந்த ஆல்பா துகள்களே குற்றவாளிகள்.

கணக்கிட்டுப் பாருங்கள். சிலிக்கனில் ஓர் எலெக்ட்ரான்-துளை இணை உண்டாக 3.6 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. 50 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஓர் ஆல்பா துகள் சுமார் 14 லட்சம் இணைகளை உண்டாக்கிவிடும். நினைவகத்தின் நுண் மின்தேக்கியில் உள்ள மின்னூட்டத்தைக் குலைக்க அது போதும். ஆகவே, ஒரே ஒரு முறை இயந்திரம் நின்றதை வைத்துப் பழுது என்று தீர்ப்பளிக்கக் கூடாது. ஒரே சூழ்நிலையில் திரும்பத் திரும்ப நின்றால்தான் அது தடயம்.

மறுபடியும் வெப்பம்

2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090 கார்டின் ஒரே சில்லில் 7,600 கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அளவு மாறினாலும் பகை மாறவில்லை. வெப்பத்தில் சிலிக்கன் விரிவதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு விரிவது, அது அமர்ந்திருக்கும் பலகை. இரண்டுக்கும் நடுவே சிறு பற்றாசுக் குமிழ்கள். சூடாகும்போதும் ஆறும்போதும் அவை இழுபடுகின்றன. நாளடைவில் விரிசல் காணலாம். மடிக்கணினிகளுக்கான தன் சில்லுகள் சிலவற்றில், சில்லையும் உறையையும் இணைக்கும் பொருள் வலுவற்றது என்று என்விடியா நிறுவனம் 2008 ஜூலையில் அறிவித்தது. அதற்கென 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. எனியாக்கின் பாடம் அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது!

இதற்கிடையே 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவில் ஒரு காவல் ஏற்பாடு சேர்ந்தது. கிராபிக்ஸ் சில்லு இரண்டு விநாடிக்குள் பதிலளிக்காவிட்டால், முழுக் கணிப்பொறியையும் நிறுத்தாமல் அந்தச் சில்லை மட்டும் மீண்டும் தொடங்கும். அப்போதுதான் "டிரைவர் பதிலளிக்கவில்லை" என்ற செய்தி வரும. காய்ச்சல் ஓர் அறிகுறி. நோயின் பெயர் அன்று. இந்தச் செய்தியும் அப்படித்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். எப்போது நின்றது, என்ன வேலை நடந்தது, கார்டின் வெப்பநிலை என்ன என்று எழுதுங்கள். கடும் வேலையில் 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை பல கார்டுகளுக்கு இயல்பே. அதைத் தாண்டினால் தூசியையும் விசிறியையும் பாருங்கள். டிரைவர் மென்பொருளை நீக்கி, புதிதாக நிறுவிப் பாருங்கள். அடுத்து மின்சாரம். கார்டு செருகும் இடம் தருவது 75 வாட் வரைதான். எட்டு முனை இணைப்பு 150 வாட். பவர் சப்ளை நலிந்திருந்தால், வேலை கூடும்போது மின்னழுத்தம் சரிந்து கார்டு தடுமாறும். பவர் சப்ளையை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

எல்லாவற்றிலும் தலையாய விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால், குணமாக்கிய மருந்து எது என்று தெரியாது.

என் வீட்டுக் கணிப்பொறிக்கும் கார்டை மாற்றச் சொன்னார்கள். இரண்டு வாரம் குறிப்பெழுதினேன். கார்டு சூடேறுமுன்பே, வேலை திடீரெனக் கூடும் கணத்தில் அது நின்றது. நண்பரின் பவர் சப்ளையை வாங்கிப் பொருத்தினேன். அதன்பின் ஒருநாளும் நிற்கவில்லை. "போய்விட்டது" என்று சொல்லப்பட்ட கார்டில்தான் இன்றும் என் மாணவர்களுக்குப் படம் வரைகிறேன்.