உறுப்பும் உயிரும்: என்புப் புற்றுநோய்ச் சிகிச்சையின் வரலாறு

உயிரைக் காத்தற்பொருட்டு உறுப்பை இழத்தல் வேண்டும் என்பது என்புப் புற்றுநோய்ச் சிகிச்சையில் நெடுங்காலம் மாறாவிதியாக நிலவிற்று. இந்நோய்களுள் மிகக் கொடியதாகிய என்புச் சார்க்கோமா பெரும்பாலும் வளரும் பருவத்தினரையே பற்றுவது. முழங்காலை அடுத்த என்புகளிலேயே மிகுதியாகத் தோன்றுவது. காலைத் தொடையளவில் துண்டித்தலே அதற்குரிய சிகிச்சையாக இருந்தது. எனினும், அவ்வாறு காலிழந்தோருள்ளும் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் ஐவருள் ஒருவர் அளவினரே. கட்டி கண்டறியப்படுமுன்னரே நோயின் நுண்ணிய வித்துக்கள் சுவாசப்பையைச் சென்றடைந்திருந்தமையே இதற்குக் காரணமாகும்.

பயனற்ற அங்கச்சேதத்தைத் தவிர்க்க விரும்பிய இலண்டன் சத்திரவைத்தியர் ஸ்ரான்போர்ட் கேட், முதலிற் கதிர்ச்சிகிச்சை அளித்துச் சில மாதங் காத்திருந்து, சுவாசப்பையில் நோய் தோன்றாதவர்க்கு மட்டுமே காலை அகற்றும் முறையை 1955இல் எடுத்துரைத்தார். அக்கால மருத்துவத்தின் கையறுநிலையை இம்முறையே நன்கு புலப்படுத்தும்.

இதற்கிடையில் உறுப்பைக் காக்கும் முயற்சி வேறொரு திசையில் அரும்பியிருந்தது. உடலினுள் வைக்கப்படும் சாதாரண உலோகங்கள் அரிப்புற்றுச் சுற்றியுள்ள இழையங்களைக் கெடுப்பன. கோபால்ட், குரோமியம், மொலிப்டினம் ஆகியவை சேர்ந்த வைற்றாலியம் என்னும் கலப்புலோகம் அவ்வாறு அரிப்புறுவதில்லை என்பதை வெனபிள், ஸ்ரக் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் 1930களிற் காட்டினர். 1940இல், தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், ஒஸ்ரின் மூர், ஹரோல்ட் போல்மன் ஆகியோர், கட்டியால் அழிவுற்ற தொடையென்பின் மேற்பகுதியை நீக்கி, ஏறக்குறைய 12 அங்குல நீளமுள்ள வைற்றாலிய என்பை அவ்விடத்திற் பொருத்தினர். அது பிறவுறுப்புக்களுக்கு எளிதிற் பரவாத இராட்சதக் கலக்கட்டியாயினும், என்புக்கு ஈடாக உலோகம் நிற்கும் என்பதை அச்சிகிச்சை மெய்ப்பித்தது. இங்கிலாந்தின் ஸ்ரான்மோரில் ஜோன் ஸ்கேல்ஸ் என்பார், நோயாளரின் எக்ஸ் கதிர்ப் படங்களை அளந்து அவரவர்க்கேற்ற உலோக என்புகளை உருவாக்கும் பணியை வளர்த்தார்.

ஆயினும் உலோகம் உறுப்பைக் காக்குமேயன்றிப் பரவிய நோயைத் தடுக்கமாட்டாது. அக்குறையை நிறைவுசெய்தவை மருந்துகளே. 1970களின் தொடக்கத்தில் அட்ரியமைசினும் பேரளவு மெதோற்றெக்சேற்றும் இந்நோயைத் தாக்கவல்லன எனத் தெரியவந்தது. அவ்வேளையில் நியூயோர்க்கின் மெமோரியல் வைத்தியசாலையில் ஓர் இடர்ப்பாடு எழுந்தது: ஒருவருக்கென உலோக என்பு செய்து முடிக்கச் சில மாதங்கள் சென்றன, நோயோ காத்திருப்பதன்று. எனவே ஜெரால்ட் றோசனும் அவருடன் பணியாற்றியோரும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே மருந்தளிக்கத் தொடங்கினர. தாமதத்தை ஈடுசெய்யக் கைக்கொண்ட அவ்வழி பெரும் பயன் தந்தது. அகற்றிய என்பை ஆராய்ந்து, மருந்து கட்டியை எவ்வளவு அழித்தது என்று அறியவும் இயன்றது. அம்முறையே பின்னர் உலகெங்கும் பொதுவிதியாயிற்று.

1986இல் வெளிவந்த ஆய்வுகள் இரண்டு ஐயங்களை அகற்றின. மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 66 பேரும், சத்திரசிகிச்சை மட்டும் பெற்றோருள் 17 பேரும் ஈராண்டு நோய் மீளாதிருந்தனர் என்பது ஒன்று. தொடையென்பின் கீழ்ப்பகுதியில் நோயுற்ற 227 பேரை ஆராய்ந்ததில், கால் காக்கப்பட்டோர் கால் நீக்கப்பட்டோரினும் குறைவாக உயிர்வாழவில்லை என்பது மற்றொன்று.

வளரும் பிள்ளைக்கு உலோக என்பு வளராதே என்னும் குறைக்கும் தீர்வு தேடப்பட்டது. 1976இல் ஸ்ரான்மோரில் நீட்டத்தக்க என்பு பயன்பட்டது. ஆயின் ஒவ்வொரு நீட்டத்துக்கும் மீண்டும் கத்தி வேண்டியிருந்தது. 2002 அளவில், வெளியே சுழலும் மின்காந்தப் புலத்தால் உள்ளிருக்கும் பொறியை இயக்கி, கத்தியின்றியே நீட்டும் முறை கைகூடிற்று. வியன்னாவின் கோட்ஸ் என்பார் 1982இல் கொணர்ந்த, பகுதிகளை இணைத்து அமைக்கும் முறை நெடுநாட் காத்திருப்பை நீக்கிற்று.

கிருமித்தொற்றும், பொருத்திய தண்டு தளர்தலும், உலோகம் முறிதலும் இன்றும் முற்றாக நீங்கவில்லை. நரம்பும் குருதிக்கலன்களும் நோய்க்கு இரையாயின் அங்கச்சேதம் இன்றும் வேண்டப்படுவதே. எனினும், உறுப்போ உயிரோ என்று ஒன்றையே தெரிந்தெடுக்க வேண்டியிருந்த இளைஞர் பலர்க்கு இரண்டும் எஞ்சுகின்றன. கம்மியர் பட்டறையும் மருந்தாய்வுக் கூடமும் சத்திரவைத்தியர் கையும் ஒன்றுசேர்ந்தமையாலேயே இப்பேறு வாய்த்தது; அவற்றுள் ஒன்று தனித்து நின்றிருப்பின் இது கைகூடியிராது.