கம்பளிக்குள் நுழைவது எப்படி

எடின்பரோவில் என் முதல் நவம்பரில் ஒன்பது இரவுகள் ஸ்வெட்டர், அதன்மேல் ஜாக்கெட், இரண்டு ஜோடி சாக்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டுதான் தூங்கினேன். ஆன்சைட் வேலை. வாடகைக்கு எடுத்தது பழைய கல்கட்டட வீடு. அறைக்கு ஒரு ரேடியேட்டர் இருந்தது. பாய்லர் ஓடுகிற சத்தமும் கேட்டது. ஆனால் ரேடியேட்டரைத் தொட்டால் குழாய்த் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும். வீட்டுக்காரருக்கு ஒரு மெயில் போட்டிருக்கலாம். இதுகூடத் தெரியாதவனா என்று நினைத்துவிடுவாரோ என்று போடவில்லை.

பத்தாவது நாள் ஆபீஸ் தம்பி ஒருவன் சாப்பிட வந்தான். தூத்துக்குடிக்காரன், எனக்கு இரண்டு வருஷம் முன்னால் வந்தவன். "என்னண்ணே, வீடு ஐஸ் பொட்டியாட்டம் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே குனிந்தான். ரேடியேட்டரின் ஓரத்தில் கீழே ஒரு வெள்ளைத் திருகு. அதை நட்சத்திரக் குறியிலிருந்து 4க்குத் திருப்பினான். "இதத் திருப்பணும்ணே." அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டேன்.

திருகு ஒன்பது நாளும் அங்கேயேதான் இருந்தது. அந்த வெட்கம் ஆறுவதற்குள்தான் ராமானுஜனின் கம்பளிக் கதையை மறுபடி படிக்க நேர்ந்தது. அதற்கு முன்னாலும் படித்திருக்கிறேன். கல்லூரியில் படித்தபோது அது ஒரு ஜோக். மேதைகளுக்கு உலக விவரம் போதாது என்பதற்கு ஒரு உதாரணம். இப்போது அப்படித் தோன்றவில்லை.

கதையைச் சொன்னவர் பிரசந்த சந்திர மகலனோபிஸ். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1914இல் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி மாணவர். கல்கத்தாவிலிருந்து முந்தைய வருஷம்தான் வந்திருந்தார். பக்கத்து டிரினிட்டி கல்லூரியில் இருந்த ராமானுஜனைப் பார்க்கப் போனவர், ராத்திரியில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்திருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையும் சுற்றிக்கொண்டு படுத்தாலும் குளிர்கிறது என்றார் ராமானுஜன். கம்பளி போதவில்லை போலிருக்கிறது என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகப்பட்டு, மேலே ஒரு மெல்லிய விரிப்பு. ராமானுஜன் அந்த மேல்விரிப்புக்கும் கம்பளிகளுக்கும் நடுவில் படுத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சூடும் அவர் முதுகுக்குக் கீழே கிடந்தது. கம்பளியை எப்படி விலக்கி உள்ளே நுழைவது என்று மகலனோபிஸ் செய்து காட்டினார். ராமானுஜன் மிகவும் நெகிழ்ந்துபோனார்.

நம்மூர்ப் படுக்கையை யோசித்துப் பாருங்கள். பாய், மேலே ஜமக்காளம், தலைகாணி. போர்வை தனியாக மடித்துக் கால்மாட்டில் கிடக்கும். முதலில் படுப்போம், பிறகு போர்வையை இழுத்து மேலே போட்டுக்கொள்வோம். ஆள் ஓரிடத்தில், போர்வைதான் நகரும். அன்றைய இங்கிலீஷ் படுக்கை நேரெதிர். கம்பளிகளை மூன்று பக்கமும் செருகிக் கட்டிலோடு கட்டிலாக ஆக்கிவிடுவார்கள். போர்வை நகராது, ஆள்தான் உள்ளே போகவேண்டும், உறைக்குள் கடிதம் போவதுபோல. இன்றைக்கு நாம் பார்க்கிற உதறிப் போட்டுக்கொள்கிற டூவே எல்லாம் பிரிட்டனில் 1970களில் பரவிய சங்கதி. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ஒருவர் டிரினிட்டி கட்டிலைப் பார்த்தால் என்ன நினைப்பார்? சுத்தமாக விரித்த தடிமனான மெத்தை, போர்த்திக்கொள்ள ஒரு மெல்லிய துணி. நான் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் காலையில் வேலைக்காரம்மா வந்து படுக்கையைச் சரிசெய்துவிட்டுப் போவார். படுக்கை விரிக்கப்படுவதை ராமானுஜன் எத்தனையோ தடவை பார்த்திருக்கலாம். இன்னொருவர் அதில் படுப்பதைப் பார்த்திருக்க வழியே இல்லை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்து எதையும் கற்றுக்கொள்ளலாம், முட்கரண்டி பிடிப்பதைக்கூட. தூங்குவதை மட்டும் முடியாது, அது கதவுக்குப் பின்னால் நடப்பது.

இதில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் இங்கிலாந்து வந்தது குளிர்காலத்தில் அல்ல. 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பல் ஏறி ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்தார். முதல் சில வாரங்கள் நெவில் என்ற கணிதவியலாளரின் வீட்டில் தங்கினார். அங்கேயும் இதேமாதிரி படுக்கைதானே இருந்திருக்கும்? இருந்திருக்கும். அங்கேயும் மேலேயே படுத்திருப்பார் என்பது என் ஊகம். ஏப்ரல், மே ராத்திரிகளை ஒரு சால்வையோடு ஒப்பேற்றிவிடலாம். தவறு ஒன்றுதான், அது பிடிபடக் குளிர் வரவேண்டியிருந்தது. எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்ப்போம். தப்பான கோடு மாதக்கணக்காக ஒழுங்காக ஓடும், லோடு ஏறுகிற அன்றைக்குத்தான் விழும்.

அவரைப் புறப்படச் செய்தவர்கள் அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்யத்தான் செய்தார்கள். சென்னையில் கோட்டு, காலர், டை, ஷூ வாங்கிக் கொடுத்தார்கள். குடுமியை எடுக்கவைத்தார்கள். அம்மாவும் மனைவியும் அந்தக் கோலத்தைப் பார்க்கவேண்டாம் என்று முன்னதாகவே அவர்களை கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார் ராமானுஜன். வெளியே தெரிகிற எல்லாவற்றுக்கும் ஏற்பாடு ஆகிவிட்டது. நெவில் பிற்பாடு எழுதியபோது, இருபத்தாறு வருஷம் சுதந்திரமாக இருந்த பாதங்களை ஷூ வதைத்ததைச் சொல்கிறார். பரிவான மனிதர், கவனித்திருக்கிறார். ஆனால் அவரும் பார்க்க முடிந்தது ஷூ வரைக்கும்தான்.

ஹார்டி? தினமும் சந்தித்தவர். நாளுக்கு அரை டஜன் புதிய தேற்றங்களைக் கொண்டுவருகிற ஒருவரிடம் பழையதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டுத் தொந்தரவு செய்யத் தோன்றவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தேற்றத்தைப் பற்றியே கேட்காதவர் கட்டிலைப் பற்றியா கேட்பார். குறை சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து கம்பளிக்குள் படுத்தவருக்கு அது ஒரு தகவல் என்றே தெரியாது. எனக்கு வாடகைக்கு விட்டவருக்கும் திருகைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? கேட்பதற்கு ஒரு கல்கத்தாக்காரர், அவரும் சமீபத்தில் குளிர்ந்தவர், தேவைப்பட்டார்.

அந்த டிசம்பரில் நடந்த இன்னொரு கதையையும் மகலனோபிஸ்தான் சொன்னார். ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த வீட்டு எண் புதிர். ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் சமம், தெருவில் ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள் என்றால் அந்த எண் என்ன? 288 வீடுகளில் 204. மகலனோபிஸ் யோசித்து விடையைப் பிடித்துவிட்டு வாசித்துக் காட்டினார். அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருந்த ராமானுஜன் வாணலியிலிருந்து கையை எடுக்காமல் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அந்த ஒரு தெருவுக்கு மட்டுமல்ல, இப்படி அமையக்கூடிய எல்லாத் தெருக்களுக்கும் விடை அதில் இருந்தது. இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வாணலி. சைவச் சாப்பாடு என்பதால் கல்லூரி உணவு ஒத்துவராமல் அவரே சமைத்தார். சமைக்கிற நேரம் அந்த அறை கொஞ்சம் சூடாகவும் இருந்திருக்கும்.

கும்பகோணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது, கேம்பிரிட்ஜ் 52 டிகிரியில். டிசம்பரில் அங்கே எட்டு மணிக்கு விடிந்து நாலு மணிக்குள் இருட்டிவிடும். குளிர்கூடப் பழகிவிடும், அந்த வெளிச்சமின்மை பழகாது என்று என் அனுபவத்தில் சொல்வேன். இதோடு போரும் சேர்ந்தது. 1914 ஆகஸ்டில் தொடங்கிய போரால் நீர்மூழ்கிக் கப்பல் பயத்தில் ஊருக்குப் போக வழியில்லை. 1916-17 குளிர்காலம் ஐரோப்பா முழுக்கக் கொடுமையாக இருந்தது. 1917 வசந்தத்தில் ராமானுஜன் படுத்துவிட்டார்.

இங்கிருந்துதான் கதை வேறு மாதிரி ஆகிறது. முதல் குளிர்காலத்தில் சூடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, அவருக்குத் தெரியவில்லை. இப்போது அவருக்குத் தெரியும், என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கவும் செய்தார். கொடுக்கவில்லை.

வயிற்றுப் புண் என்றார்கள், பிறகு காசநோய் என்றார்கள். காசத்துக்கு அன்று மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர 1940கள் ஆகவேண்டும். இருந்தது சானடோரியம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன்காரர்கள் ஆரம்பித்த முறை: ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, சுத்தமான காற்று. இங்கிலாந்தில் அந்தச் 'சுத்தமான காற்று' என்பது குளிர்காலத்திலும் சன்னலைத் திறந்தே வைப்பது, வராந்தாவில் நோயாளியைக் கிடத்துவது என்றாகியிருந்தது. குளிரே மருந்து.

ராமானுஜன் போன சானடோரியங்களில் ஒன்று சாமர்செட்டின் மென்டிப் குன்றுகளில் இருந்தது. நடத்தியவர் நம்மூர் ஆள், மதராஸிலிருந்து போன டாக்டர் டேவிட் சௌரிமுத்து. அவர்தான் ஊர் திரும்பி 1928இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் என்கிறோமே, அந்தப் பெயர் அதிலிருந்து வந்தது. மெப்ஸில் வேலை பார்த்த மூன்று வருஷமும் தினம் அங்கே இறங்கியிருக்கிறேன். பெயரைப் பற்றி யோசித்ததில்லை. திறந்த சன்னலும் காற்றும் தாம்பரத்தின் மே மாதத்தில் நல்ல வைத்தியம்தான். சாமர்செட்டின் நவம்பரில் நல்லதா என்று எனக்குச் சந்தேகம்.

மென்டிப்பில் அவர் நெடுநாள் இருக்கவில்லை. அடுத்து டெர்பிஷையரின் மட்லாக். அங்கேதான் நீண்ட காலம் கிடந்தார். 1918இல் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனதும், எண் பிரிவினைகளைப் பற்றி ஹார்டியோடு எழுதிய பெரிய கட்டுரை அச்சில் வந்ததும் இந்த நோய்க் காலத்தில்தான். இங்கிலாந்தில் வேலை பார்த்துவந்த ராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர் அந்த ஜூனில் மட்லாக்குக்கே போய்ப் பார்த்துவிட்டு, சாப்பாடும் உடம்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஹார்டிக்கு நீளமாக எழுதினார். மறுபடியும் போய்க் கேட்டது நம்மாள்தான்.

இதற்கு நடுவே உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. 1994இல் யங் என்ற மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, அது காசநோயே அல்ல, பெரும்பாலும் கல்லீரலில் தங்கிய அமீபா தொற்றாக இருக்கவேண்டும் என்று எழுதினார். இந்தியாவில் இளம் வயதில் வந்த சீதபேதியின் மிச்சம். அன்றைக்கே சிகிச்சை சாத்தியமாக இருந்த நோய். உடல் இல்லாமல் இதை உறுதியாக நிரூபிக்க முடியாது. ஆனால் அவர் சொல்வது சரியென்றால், அந்தத் திறந்த சன்னல் எதற்குமே இல்லை.

மட்லாக்கிலிருந்து ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. வந்து ஒரு மாதமாகியும் ஒரு நாள்கூடக் கணப்பு மூட்டவில்லை, வந்த அன்றைக்கு வரவேற்புபோல ஓரிரு மணி நேரம் மூட்டியதோடு சரி, நடுங்கிக்கொண்டே கிடப்பதால் சில வேளை சாப்பிடக்கூட முடிவதில்லை என்கிறார். ஹார்டி இதைப் பற்றி ஏற்கனவே அவர்களுக்கு எழுதியிருக்கிறார்போலிருக்கிறது. அதன் பலனாக ஒரு வாக்குறுதி கிடைத்திருந்தது. முக்கியமான கணித வேலை செய்கிற நாட்களில் மட்டும் கணப்பு தருவார்களாம். அந்த நாள் இன்னும் வரவில்லை என்று எழுதுகிறார். எங்கள் தொழிலில் இதற்கு டெட்லாக் என்று பெயர். கணக்குப் போட்டால் நெருப்பு, நெருப்பிருந்தால்தான் கணக்கு.

கடிதம் புகாரோடு முடியவில்லை. அவர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். இங்கே குளியலறை மட்டும் நல்ல கதகதப்பாக இருக்கிறது. தினம் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொண்டு அங்கே போய் ஒரு மணி நேரம் எழுதப்போகிறேன், சீக்கிரமே இரண்டு மூன்று கட்டுரைகள் அனுப்பிவிடுகிறேன். இந்த யோசனை முன்பே தோன்றாமல் போயிற்று, தோன்றியிருந்தால் இதற்குள் எழுதியிருப்பேன் என்கிறார்.

தினம் குளியலறைக்குப் போகிறான் என்று டாக்டர் உங்களிடம் குறை சொல்லக்கூடும் என்றும் ஹார்டிக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார். குளிக்கப் போகவில்லை, எழுதத்தான் போகிறேன்.