முன்னங்காலைத் தூக்கிய ஆடுகள்

இந்த எபிசோடு என் கோபத்தில் ஆரம்பிக்குது.

புதுச்சேரியில் அன்றைக்கு எனக்கு இரண்டாவது டைவ். 25 மீட்டர் ஆழம், எதிரே பெரிய மீன் கூட்டம். கையில் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டர் ‘இன்னும் 3 நிமிடம்’ என்றது. பயிற்சியாளர் கட்டைவிரலை மேலே காட்டினார்: கிளம்பு. சிலிண்டரில் பாதிக் காற்று இருக்கே, ஏன் போகணும்? வீட்டுக்கு வந்து அந்த எண் எங்கிருந்து வருதுன்னு தேடினேன்.

ஆழத்தில் அழுத்தம் கூடும்போது, சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்த மாதிரி குமிழ் கிளம்பும். மூட்டுவலி வரலாம், கால் செயலிழக்கலாம், உயிரே போகலாம். நைட்ரஜன்தான் காரணம் என்று பிரான்சின் பால் பெர்ட் 1878-லேயே எழுதிவிட்டார். ஆனால் எவ்வளவு மெதுவாக ஏறினால் போதும்? அதற்குக் கணக்கு இல்லை.

அந்தக் கணக்கைப் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். லண்டனில் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்தார். ஏன் ஆடு? வலி வந்தால் முன்னங்காலைத் தூக்கி நிற்கும், பார்த்தாலே தெரியும். உடம்பை ஐந்து ‘அறை’களாகப் பிரித்தார், 5, 10, 20, 40, 75 நிமிடங்களில் ஒவ்வொன்றும் பாதி நிரம்பும். என்னை மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு இது ஐந்து வேரியபிள், ஒரு லூப். அழுத்தத்தைப் பாதியாகக் குறைக்கலாம், அதற்கு மேல் நின்று நின்றுதான் ஏறணும். இதுதான் விதி.

1906-ல் ஸ்காட்லாந்துக் கடலில் டாமன்ட், காட்டோ என்ற இரு கடற்படையினர் இந்த முறையில் 210 அடிவரை இறங்கித் திரும்பினார்கள். ஹால்டேன் தன் 13 வயது மகனையும் அங்கே இறக்கினார். பெரியவர்களுக்கான உடை, மணிக்கட்டு வழியே தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. பையன் பிழைத்தான். அவர்தான் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் இறந்த விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன்!

1908-ல் அட்டவணை வெளியானது. அதுவும் முழுசா சரியில்லை. நீண்ட, ஆழமான டைவ்களுக்கு அது போதவில்லை. கடற்படைகள் திருத்தின, சுவிட்சர்லாந்தின் பூல்மன் ஐந்து அறைகளை 16 ஆக்கினார். இன்றைய டைவ் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஓடுவது அவருடைய மாடல்தான்.

கவனிங்க, அது என் ரத்தத்தை அளக்கவில்லை. ஆழத்தையும் நேரத்தையும் வைத்து ஊகிக்கிறது. தண்ணி குடிக்காம வந்தேனா, சரியா தூங்கினேனா, எதுவும் அதுக்குத் தெரியாது. அதனால் அந்த 3 நிமிடத்தைக் கடைசிவரை செலவழிக்காதீங்க. மெதுவா ஏறுங்க, 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்க.

அந்தப் பயிற்சியாளரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.