மண்வெட்டி பிடித்த என்ஜினீயர்

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "நீ எக்ஸ்சேஞ்சில் வெளிநாடு போனவன்தானேப்பா, அங்கே தொண்டு வேலை செய்ததாகச் சொன்னாயே, அதை மலருக்கு எழுதிக் கொடு" என்றார். எழுத உட்கார்ந்தால் என் கதையை முந்திக்கொண்டு, எனக்கு எழுபத்தாறு வருஷம் முன்னால் எதிர்த்திசையில் நம் நாட்டுக்கு வந்த ஒரு என்ஜினீயரின் கதைதான் வந்து நிற்கிறது. அதையே எழுதுகிறேன். நடுநடுவே நானும் தலைகாட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுண்ணாம்புக்குளம். 2009-ல் எங்கள் பேட்சின் ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாம் அந்தப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றில்தான் நடந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. எதிர்க்கரையில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும்போது வாசலில் நின்றே பார்க்கலாம். வாசலில் நல்ல தண்ணீர் மட்டும் இருக்காது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சாக்கடை தேங்குகிறதே என்று உறிஞ்சுகுழி வெட்டினோம். சிவில் மாணவர்கள் அல்லவா, டிராயிங்கெல்லாம் பக்கா. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு ஆயா பார்த்துவிட்டு, "தம்பி, முழங்கால் ஆழம் நோண்டினாலே தண்ணி வந்துரும், ஏன் வீணா கஷ்டப்படறீங்க" என்றார். "பிளான்ல இருக்கு ஆயா" என்றேன் நான்தான். மறுநாள் காலையில் குழி நிறைய உப்புத் தண்ணீர். நாலாம் நாள் கொசு. நாங்கள் பஸ் ஏறின பிறகு ஊர்க்காரர்களே மூடினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். ரிப்போர்ட்டில் "உறிஞ்சுகுழிகள் 6" என்று எழுதி ஏ கிரேடு வாங்கினோம்.

அடுத்த வருஷம் எக்ஸ்சேஞ்சில் ஜெர்மனிக்கு ஒரு செமஸ்டர். செமஸ்டர் லீவில் ஸ்விட்சர்லாந்தில் இரண்டு வார 'வொர்க் கேம்ப்', அதாவது பல நாட்டு மாணவர்கள் கூடி உடலுழைப்பு செய்யும் முகாம். மலைப்பாதை சரிந்த இடத்தில் கல் அடுக்கும் வேலை. சாப்பாடும் படுக்கையும் உண்டு, சம்பளம் கிடையாது. நான் இந்தியன் என்று தெரிந்ததும் முகாம் தலைவர், "அப்படியானால் உனக்கு பீஹாரும் செரெசோலும் தெரிந்திருக்குமே" என்றார். தெரிந்த மாதிரி தலையாட்டினேன். நம் பழக்கம் போகுமா! ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

பியேர் செரெசோல், 1879-ல் லோசானில் பிறந்தவர். அப்பா ஸ்விட்சர்லாந்தின் ஜனாதிபதியாக இருந்தவர். மகன் ஜூரிச்சில் என்ஜினீயரிங் படித்தார். அமெரிக்கா, ஹவாய், ஜப்பான் என்று சுற்றி வேலை பார்த்தார். அப்பா வழிச் சொத்தை அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தார். ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறைக்கும் போனார். முதல் உலகப்போர் முடிந்ததும், 1920 கடைசியில், வெர்டூன் அருகே எஸ்ன் என்ற அழிந்துபோன பிரெஞ்சு கிராமத்தில் வீடு கட்டப் போனார். கூடப் போனவர்களில் ஜெர்மானியர்களும் உண்டு. இடித்தவன் நாட்டுக்காரனே வந்து கட்டுவது என்றால் சும்மாவா? ஊர் நிர்வாகம் ஜெர்மானியர் கூடாதென்றது. 1921 வசந்தத்தில் மூட்டை கட்டினார்கள். தோல்விதான். ஆனால் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' அமைப்பின் பிள்ளையார் சுழி அதுதான். 1928-ல் லீக்டன்ஸ்டைனில் ரைன் வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய மணலை அள்ள, பல நாடுகளிலிருந்து எழுநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் மாணவர்கள் ஏராளம்.

1934 ஜனவரி 15, பிற்பகல். வட பீஹாரையும் நேபாளத்தையும் பூகம்பம் குலுக்கியது. பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். சாயில் மெக்கானிக்ஸ் படித்தவர்களுக்கு அந்தப் பூகம்பம் தெரிந்திருக்கும். தரைக்கடியிலிருந்து தண்ணீரும் மணலும் பீறிட்டு வயலெல்லாம் மணல் மூடியது, கிணறுகள் தூர்ந்தன. ஆற்றுப் படுகையும் மேடானதால் வெள்ள அபாயம் வேறு. செரெசோல் கப்பலேறி வந்தார். காந்தியைச் சந்தித்தார், நிவாரண வேலைகளை முன்னின்று நடத்திய ராஜேந்திர பிரசாத்தைச் சந்தித்தார். பிறகு மூன்று நாலு சகாக்களுடன் திரும்பிவந்து, 1937 வரை முஜாபர்பூர் பக்கம் தாழ்ந்த கிராமங்களை மேட்டுநிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில் இருந்தார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்தைத் தாண்டிய வயசு.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, இன்னும் போகவில்லை. கூலி சில அணாக்களாக இருந்த நாட்டில், ஒரு வெள்ளைக்காரர் கப்பலேறி வந்து மண் வெட்டுவது கணக்குப்படி லாபமா? அந்த டிக்கெட் காசுக்கு எத்தனை வீடு கட்டியிருக்கலாம்! என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் அடுக்கிய கல்லை ஒரு ஸ்விஸ் கொத்தனார் பாதி நேரத்தில், என்னைவிடச் சீராக அடுக்கியிருப்பார். ஆக, வேலை என்று பார்த்தால் நஷ்டம்தான். எனக்குக் கிடைத்தது வேறொன்று. அந்த மலையூர்க் கிழவர் ஒருவர் நான் வைத்த கல்லைப் பேசாமல் எடுத்துத் திருப்பி வைப்பார். மூன்று நாள் ரோஷமாக இருந்தது. நாலாம் நாள், "எப்படி வைக்கணும்?" என்று கேட்டேன். சுண்ணாம்புக்குளத்தில் கேட்காத கேள்வி அது. அந்நியனாக நிற்கும்போது கேட்க வந்த வாய், சொந்த ஜில்லாவில் ஏன் வரவில்லை?

நம் அரசாங்கமும் இதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தது. மாணவர் தொண்டை ஒரு வருஷம் கட்டாயமாக்கலாமா என்று ஐம்பதுகளிலேயே பேச்சு. 1959-ல் சி.டி.தேஷ்முக் தலைமையில் கமிட்டி. பிறகு கே.ஜி.சையிதைன் பல நாடுகளின் இளைஞர் சேவைத் திட்டங்களைப் போய்ப் பார்த்து வந்தார். கட்டாயம் வேண்டாம் என்று ஆகி, காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு என்.எஸ்.எஸ். தொடங்கியது. நாம் மாட்டிக்கொண்ட பேட்ஜும் சர்டிபிகேட்டும் அப்படி வந்தவைதான்.

மாணவர்களை வெளிநாட்டு முகாம்களுக்கு அனுப்ப நம் சங்கம் நிதி சேர்க்கிறது. நானும் கொடுத்திருக்கிறேன். ஒரே வேண்டுகோள்: அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் ஈடாக அங்கிருந்து ஒருவரைச் சுண்ணாம்புக்குளம் பக்கம் அழைத்து வாருங்கள். ஏரியில் எந்த ஊர் எந்த நாள் எங்கே வலை போடுவது என்று தாங்களே முறை வைத்துக்கொள்ளும் 'பாடு' ஒன்றுக்காகவே ஒரு செமஸ்டர் உட்கார்ந்து படிக்கலாம்.

போன வருஷம் அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஆயா இருக்கிறார், கண் மட்டும் மங்கல். "குழி வெட்டின பசங்கள்ல ஒருத்தன் ஆயா" என்றேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இப்போ எதுக்குப்பா வந்தே, மறுபடியும் வெட்டவா?"

"இல்ல ஆயா, கேக்க வந்தேன்."

"சாப்பிட்டியா, அதச் சொல்லு மொதல்ல" என்றார்.