சைக்கிளிலிருந்து இறங்க மறுத்தவர்கள்

கிள்ளான் பக்கம் ஒரு நாள் சுற்றிப் பார்க்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே பாதைதான். கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறுங்கள். கிள்ளானில் இறங்கி தெங்கு கிளானா சாலையில் பசியாறுங்கள். சேலை, பூ, பலகாரம் எல்லாம் அங்கேயே வாங்கிக்கலாம். பக்கத்தில், 1909இல் ஹப்பேக் வடிவமைத்த கட்டடத்தில் சிலாங்கூர் அரச காட்சியகம் இருக்கிறது. திரும்ப ரயிலேறி கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்கினால் படகுத்துறை. அங்கிருந்து கெத்தாம் தீவு.

கெத்தாம் என்றால் மலாயில் நண்டு. சதுப்புச் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் வீடுகள், ஹொக்கியன், தியோச்சியூ பேசும் மீனவக் குடும்பங்கள், கருவாடு விற்கும் கடைகள், சுவர்களில் ஓவியங்கள். வயிறு நிறைய நண்டும் மீனும் சாப்பிடலாம். தீவில் கார் கிடையாது. எல்லாருக்கும் சைக்கிள்தான், வருகிறவர்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கும்.

அந்தச் சைக்கிள்களைப் பார்க்கும்போது எனக்கு 1941 ஞாபகம் வரும். கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளி சைக்கிளில் போகும்போது துரை எதிரே வந்தால் இறங்கி நிற்க வேண்டும். துரைக்கு மட்டுமல்ல, கிராணிமாருக்கும் அதே மரியாதை. வண்டி அவன் சம்பாதித்த காசில் வாங்கியதாக இருந்தாலும் அப்படித்தான்.

நாம் ஏறிப்போகும் ரயில்பாதையின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றுப் பக்கம் 1886இல் தண்டவாளம் வந்தது. 1901இல் ஸ்வெட்டன்ஹம் துறைமுகம் திறந்தது. போர்ட் கிள்ளானின் பழைய பெயர் அது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா அங்கே ஆட்களைச் சாய்த்தது, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்ற பேச்சு வந்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் காட்டை வெட்டி, வடிகால் வெட்டி நோயைக் கட்டுப்படுத்தினார் என்று வரலாறு சொல்கிறது. ஆனால் வாட்சனே மண்வெட்டியைப் பிடித்திருக்க மாட்டார். தமிழகத்திலிருந்து ஏராளமானவர்கள் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் தோட்டங்களுக்குப் போனார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளிலும் தமிழர்கள் நிறைய இருந்தார்கள்.

1938இல் இந்திய அரசு, உதவி பெற்றுக் குடியேறும் கூலிகளின் பயணத்தைத் தடை செய்தது. புது ஆள் வரத்து நின்றது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் போர் மூண்டதும் ரப்பருக்குத் தேவை ஏறியது. தொழிலாளிக்குப் பேரம் பேசும் பலம் கொஞ்சம் கிடைத்த காலம் அது என்று நான் நினைக்கிறேன். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. சங்கத்தின் முன்னணியில் இருந்தவர் ஆர்.எச். நாதன். 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்தவர்.

கோரிக்கைப் பட்டியலை வாசித்துப் பார்த்தால் சம்பளம் அதில் ஒரு பகுதிதான் என்று தெரியும். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி வேண்டும். அதோடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், மருத்துவம். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களைத் தொல்லை செய்வது நிற்க வேண்டும். உறவினர்கள் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. பேசவும் கூடவும் உரிமை வேண்டும். இவற்றுக்கு நடுவே, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதும் ஒரு கோரிக்கை.

இன்றைக்குப் படிக்கிறவருக்கு அந்த வரி சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூலி குறைவு என்பது மாதக் கடைசியில் தெரியும். சைக்கிளிலிருந்து இறங்குவது ஒவ்வொரு நாளும், நடுரோட்டில், பெண்டாட்டி பிள்ளைகள் பார்க்க நடப்பது.

1941 மே 5ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடுவிக்கச் சொல்லி வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்தார்கள். அடக்க வந்த படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அந்த டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. பிறகு இதே தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தப் பேரழிவின் நிழலில் கிள்ளான் போராட்டம் மங்கிப்போனது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றது.

தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இளம் வாசகர்கள் வார இறுதியில் கெத்தாம் போனால் தாராளமாக நண்டு சாப்பிடுங்கள், ஓவியங்களின் முன் நின்று படம் எடுங்கள். கூடவே, இந்தக் கதை தெரிந்த தோட்டத்துப் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் தாத்தாவிடம் சைக்கிள் இருந்ததா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 1941ஐ நேரில் கண்டவர்கள் இன்று வெகு சிலரே. கேட்டு வைத்திருப்பவர்களிடமாவது நாம் இப்போது கேட்டு எழுதிவைக்க வேண்டும்.