ஒரு ஓமுக்கும் நூறு ஓமுக்கும் நடுவில்

‘ஓம் விதி’ என்று பள்ளியில் முதல்முறை கேட்டபோது ஏதோ மந்திர சமாச்சாரம்னு நினைத்தவர்கள் நம்மில் நிறைய பேர் இருப்போம். ஓம் என்பது ஒரு ஜெர்மன் ஆசிரியரின் பெயர். எர்லாங்கன் ஊரில் பூட்டுத் தொழில் செய்தவரின் மகன் கியார்க் சைமன் ஓம். கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சொந்தமாகக் கருவிகள் செய்து மின்னோட்டத்தை அளந்து பார்த்தார்.

அன்றைய மின்கலங்களை நம்ப முடியாது. அளந்துகொண்டிருக்கும்போதே வலு இறங்கிவிடும். அதனால் 1826ல் ஓம் வேறு வழிக்குப் போனார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்ப வித்தியாசம் மாறாததால் மின்னழுத்தமும் மாறவில்லை. இப்போது கம்பியின் நீளத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால் போதும். கிடைத்த கணக்கை 1827ல் புத்தகமாகப் போட்டார்.

நாம் இன்று எழுதும் வடிவில் சொன்னால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. ஜெர்மனியில் அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. மனம் நொந்த ஓம் கொலோன் வேலையையே விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் கொடுத்தது 1841ல்.

அதே காலகட்டத்தில் மான்செஸ்டரில் பீர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளையான ஜேம்ஸ் ஜூல் இன்னொரு பாதியைக் கண்டுபிடித்தார். கம்பியில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியதற்கு ஏற்ப இருக்கும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு!

சரி, இதெல்லாம் பரீட்சைக்குத்தானே என்று கேட்கலாம். 1878க்கு வாருங்கள். வீடுகளுக்கு மின்விளக்கு தரப்போகிறேன் என்று எடிசன் அறிவித்ததும் லண்டனில் எரிவாயு கம்பெனிகளின் பங்குகள் சரிந்தன. ஆனால் விஷயம் தெரிந்த பலரே இது நடக்காது என்றார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. கணக்கு அப்படித்தான் சொன்னது.

அப்போது சோதனையில் இருந்த இழை விளக்குகள் பலவற்றிலும் தடிமனான கரித்துண்டுதான் எரிந்தது. அதன் மின்தடை மிகக் குறைவு. நாமே ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். விளக்குக்கு 100 வாட் திறன் வேண்டும். திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். விளக்கின் மின்தடை 1 ஓம் என்றால் அதற்கு 10 வோல்ட், 10 ஆம்பியர் தேவை. ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக ஏற்றவும் அணைக்கவும் வேண்டுமானால் பக்க இணைப்பில்தான் மாட்டணும். அப்போது மின்னோட்டம் கூடிக்கொண்டே போகும். ஆயிரம் விளக்குக்கு 10,000 ஆம்பியர். அத்தனையையும் தெருவழியே கொண்டுபோகத் தேவைப்படும் செம்புக்கு யார் காசு கொடுப்பது?

எடிசனும், அவரிடம் வேலைக்குச் சேர்ந்த கணித வல்லுநர் பிரான்சிஸ் அப்டனும் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். அதே 100 வாட்டை 100 வோல்ட், 1 ஆம்பியர் என்று எடுத்தால் விளக்கின் மின்தடை 100 ஓம். மின்னோட்டம் பத்தில் ஒன்று, எனவே அதே கம்பியில் வீணாகும் வெப்பம் நூறில் ஒன்று. அல்லது, அதே அளவு வீணானால் போதும் என்றால் செம்பு நூறில் ஒரு பங்கு போதும்.

ஆக, அவர்கள் தேடியது வெறும் விளக்கு இல்லை, மின்தடை அதிகமுள்ள விளக்கு. அதற்கு இழை மெலிதாக இருக்கணும். 1879 அக்டோபரில் கரியாக்கிய பருத்தி நூல், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் மணிக்கணக்கில் எரிந்தது. 1882 செப்டம்பர் 4ல் நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் சுமார் 110 வோல்ட்டில் ஓடத் தொடங்கியது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. 110 வோல்ட் பக்கத்துத் தெருக்களுக்குச் சரி, அடுத்த ஊருக்குப் போதாது. இன்னும் தூரம் போக மின்னழுத்தத்தை இன்னும் ஏற்றணும். மாறுதிசை மின்னோட்டத்தில் டிரான்ஸ்பார்மர் வைத்து அதைச் சுலபமாக ஏற்றி இறக்கலாம். எடிசன் ஆபத்து, ஆபத்து என்று எதிர்த்தார். எதை வைத்து ஜெயித்தாரோ அந்தக் கணக்கே அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. 1896ல் நயாகராவிலிருந்து பஃபலோ நகருக்கு 11,000 வோல்ட்டில் மாறுதிசை மின்சாரம் போனது.

இப்போது சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம்ம புகளூருக்கு ஒரு மின்பாதை வருகிறது. 6,000 மெகாவாட் திறன். இரண்டு முனைகள், தரையைப் பொறுத்து ஒன்று கூட்டல் 800 கிலோவோல்ட், மற்றது கழித்தல் 800. ஆக மொத்தம் 16 லட்சம் வோல்ட். வகுத்துப் பாருங்கள், 3,750 ஆம்பியர். அதையே வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் அனுப்பினால் 2.6 கோடி ஆம்பியர் ஆகியிருக்கும். வேடிக்கை என்னன்னா, இந்தப் பாதையில் ஓடுவது எடிசன் கட்சி கட்டிய அதே நேர்திசை மின்னோட்டம். மின்னழுத்தத்தை ஏற்றும் வழி கிடைத்ததும் அது திரும்பி வந்துவிட்டது. இந்தக் கணக்கு யார் பக்கமும் நிற்காது. செம்பு எங்கே மிச்சமாகும் என்று மட்டும் காட்டும்.